இரண்டு தாளுக்கு நடுவில் ஐந்து நாள்

மகள் பிறந்து நாலாவது நாள் மதியம், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் பைக்கில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த போன் வந்தது. "பேபிக்கு டி.எஸ்.ஹெச். ஹையா இருக்கு சார், எட்டாவது நாள் கொண்டுவந்து மறுபடி பிளட் குடுத்துடுங்க." அவ்வளவுதான். ஹை என்றால் எவ்வளவு, அது என்ன எழுத்து, குழந்தைக்கு என்ன ஆகும், இன்றைக்கே வரச் சொல்லாமல் ஏன் எட்டாவது நாள், எதுவும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் ரிசப்ஷனில் இருந்த அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்காது. லாரி நகர்ந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், நான் நகரவில்லை.

அதற்கப்புறம் ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் படித்தது, விசாரித்தது, தப்பாகப் புரிந்துகொண்டு பிறகு திருத்திக்கொண்டது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, துறைமுகத்துக்குப் போகும் பெட்டிகளுக்குக் காகிதம் பார்க்கிறவன். ஆனால் தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் கையில் ஒரு தாளோடு, அதில் தடித்த எழுத்தில் அச்சான ஒரு எண்ணோடு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கிற அப்பா அம்மாக்களை இப்போது அடையாளம் தெரிகிறது. அந்த எண் ஏன் அப்படி வந்தது என்று ஒருவர் உட்கார்ந்து பத்து நிமிடம் சொல்லியிருந்தால், எங்கள் வீட்டில் பாதி சண்டை நடந்திருக்காது.

முதலில் அந்த எழுத்து. டி.எஸ்.ஹெச். என்பது தைராய்டு சுரப்பி சுரக்கும் பொருள் இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, கழுத்தில் இருக்கும் தைராய்டைப் பார்த்து வேலை செய் என்று போடும் சத்தம் அது. கட்டட வேலையில் மேஸ்திரி மாதிரி. ஆட்கள் ஒழுங்காக வேலை பார்த்தால் மேஸ்திரி பீடி பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார். வேலை மந்தமானாலோ, ஆளே வரவில்லை என்றாலோ கத்த ஆரம்பிப்பார், எண் ஏறும். ஆக, எண் ஏறியிருக்கிறது என்றால் மேஸ்திரி கத்துகிறார் என்று மட்டும்தான் தெரியும். உள்ளே உண்மையில் வேலை நடக்கிறதா இல்லையா என்பதற்கு, தைராய்டு சுரக்கும் ஹார்மோனின் அளவான டி4 என்ற இன்னொரு எண்ணைப் பார்க்க வேண்டும்.

சரி, அப்படியானால் மேஸ்திரி கத்தினால் ஆபத்துதானே என்று கேட்கலாம். இங்கேதான் எனக்கு யாருமே சொல்லாத விஷயம் இருக்கிறது. பிறந்த எல்லாக் குழந்தைக்கும் மேஸ்திரி கத்துவார். பத்து மாதம் வெதுவெதுப்பான இடத்தில் கிடந்த உடம்பு ஃபேன் ஓடும் அறைக்குள் வந்து விழுந்ததும், சூடு உண்டாக்கு, உயிரோடு இரு என்று பிட்யூட்டரி போடுகிற கூச்சலில், பிறந்த அரைமணி நேரத்துக்குள் டி.எஸ்.ஹெச். 60, 80 வரைக்கும் எகிறும். ஒரு நாள் கழிந்தால் 20 அளவுக்கு இறங்கும், முதல் வாரம் முடிவதற்குள் 10 பக்கம் வந்துவிடும். அதனால்தான் பாதத்தில் குத்தி ரத்தம் எடுப்பதை 48 மணி நேரத்துக்கு அப்புறம், 72 மணிக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். முப்பதாவது மணி நேரத்தில் வரும் 25-ம், அறுபதாவது மணி நேரத்தில் வரும் 25-ம் ஒரே எண்தான், ஒரே செய்தி இல்லை.

எங்களுக்கு எப்போது எடுத்தார்கள்? டிஸ்சார்ஜுக்கு முந்தின ராத்திரி. கணக்குப் போட்டுப் பார்த்தால் நாற்பது மணி நேரம் கூட ஆகவில்லை. அறைக்கு அடுத்த ஆள் காத்திருந்தார், பில் போட்டாயிற்று, ஒரு வேலையாக முடித்துவிட்டார்கள். தாளில் 34 என்று இருந்தது. மாதிரி எடுத்த நேரம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அந்தக் காலிக் கட்டத்தை நான் பார்த்ததே மூன்று நாள் கழித்துத்தான். உங்கள் கையில் அப்படி ஒரு தாள் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது எண் இல்லை, குழந்தை பிறந்த எத்தனையாவது மணியில் எடுத்தது என்பதைத்தான். இன்னொன்றும் இருக்கிறது: பிரசவத்தின்போதோ தொப்புள் கொடிக்கோ பீட்டாடின் மாதிரி அயோடின் மருந்தைத் தாராளமாகப் பூசியிருந்தால் கூட, குழந்தையின் தைராய்டு கொஞ்ச நாளைக்கு மந்தமாகி எண் தற்காலிகமாக ஏறலாம்.

எட்டாவது நாள் என்று ஏன் சொன்னார்கள் என்பதும் பிறகுதான் புரிந்தது. எண் 40-ஐத் தாண்டியிருந்தால் உடனே கூப்பிட்டு நரம்பில் ரத்தம் எடுத்து, ரிசல்ட்டுக்குக் கூடக் காத்திருக்காமல் மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள். 20-க்கும் 40-க்கும் நடுவில் என்றால், ஆரம்பக் கூச்சல் அடங்கட்டும் என்று ஏழிலிருந்து பத்தாவது நாளுக்குள் மறுபடி பார்ப்பது வழக்கம். அதாவது அந்த எட்டாவது நாள் என்பது அலட்சியம் இல்லை, அதற்கு ஒரு கணக்கு இருந்தது. போனில் சொல்லியிருக்கலாம், இருபது வார்த்தைதான் ஆகியிருக்கும்.

இனி என் தொழிலில் இருந்து ஒரு விஷயம் சொல்கிறேன், இதைவிட நன்றாக எனக்கு விளக்கத் தெரியாது. துறைமுகத்தில் பெட்டிகளை ஸ்கேனர் வழியாக விடுவார்கள். படத்தில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் அந்தப் பெட்டிக்கு மார்க் விழும், ஓரங்கட்டித் திறந்து பார்ப்பார்கள். மார்க் விழுந்த பெட்டியெல்லாம் கடத்தல் பெட்டியா? இல்லவே இல்லை. பெரும்பாலும் சரக்கை அடுக்கிய விதம்தான் காரணமாக இருக்கும். ஸ்கேனரின் வேலை குற்றம் கண்டுபிடிப்பது கிடையாது, திறந்து பார்க்க வேண்டியவற்றைப் பிரிப்பது. பிறந்த குழந்தைக்குச் செய்யும் முதல் டெஸ்ட்டும் அதேதான்.

எண்ணிப் பாருங்கள். பிறவியிலேயே தைராய்டு குறைவாக இருக்கும் குழந்தைகள் உலக அளவில் 2000 முதல் 4000 பிறப்புக்கு ஒன்று, இந்தியாவில் அதைவிட அதிகம், சுமாராக 1000-க்கு ஒன்று. இப்போது ஒரு பேச்சுக்கு, நூறு நல்ல குழந்தைகளில் ஒரே ஒரு குழந்தையை மட்டும் தப்பாக நிறுத்தும் டெஸ்ட் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 99 சதவீதம் சரி, கேட்க அமர்க்களமாக இருக்கிறது. ஆயிரம் குழந்தைகளுக்கு அதைச் செய்தால் பத்துக் குழந்தைகள் தப்பாக நிறுத்தப்படுவார்கள், உண்மையில் பிரச்சினை இருக்கும் ஒன்று சேர்ந்து பதினொன்று. அந்தப் பதினொரு வீட்டிலும் அதே போன், அதே நடுக்கம், ஆனால் பத்து வீட்டில் இரண்டாவது தாள் நல்ல தாளாக வரும். டெஸ்ட் மோசம் என்பதால் இப்படி இல்லை, நோய் அவ்வளவு அரிது என்பதால். வேண்டுமென்றே வலையைச் சின்னக் கண்ணாக வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் பத்துப் பேரைத் திரும்பக் கூப்பிட்டால் பத்துக் குடும்பம் சில நாள் தூங்காது, ஒரு குழந்தையைத் தவறவிட்டால் அந்தக் குழந்தையின் மூளை வளர்ச்சியே போய்விடும், பிறகு எத்தனை மாத்திரை கொடுத்தாலும் போனது வராது.

இந்தக் கணக்கு தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் இதிலேயே ஒரு பள்ளமும் இருக்கிறது. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்று தெரிந்துவிட்டால், அப்புறம் எதற்கு மறுபடி குத்த வேண்டும் என்ற எண்ணமும் கூடவே வரும். எங்கள் ஆயா அதைத்தான் சொன்னார். "கொயந்த நல்லாத்தானே பால் குடிக்குது, நல்லாத்தானே தூங்குது. இன்னாத்துக்குப் பச்சை உடம்பை மறுபடி குத்துறீங்க?" ஆயா ஏழு பெற்று ஐந்தை வளர்த்தவர், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை பிறந்திருக்கிறது, எல்லாப் பிரசவத்துக்கும் வெளியே துணைக்கு உட்கார்ந்தவர் அவர்தான். அவர் கண்ணுக்குக் குழந்தை நன்றாக இருக்கிறது என்றால் நம்பத்தான் தோன்றும்.

ஆனால் இந்த ஒரு நோயில் கண் ஏமாந்துவிடும். வயிற்றில் இருக்கும்போது அம்மாவின் தைராய்டு ஹார்மோன் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் கொஞ்சம் போய்ச் சேரும். அந்த இருப்பை வைத்துக்கொண்டு முதல் சில வாரம் குழந்தை சாதாரணமாகவே இருக்கும். இருப்பு தீர்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியும்: மஞ்சள் காமாலை இரண்டு வாரம் தாண்டியும் இறங்காமல் இருப்பது, மலச்சிக்கல், கரகரத்த அழுகை, தடித்த நாக்கு, பிதுங்கிய தொப்புள். எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது, குழந்தை அதிகம் அழாமல், எழுப்பினால்தான் பாலுக்கு எழுந்து, நாள் முழுக்கத் தூங்குவது. அதைப் பார்த்து சமத்துப் பிள்ளை, தொந்தரவே இல்லை என்று அக்கம்பக்கத்தில் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டு வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும், பிறந்து இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்குவதுதான் இலக்கு. அதனால்தான் உடம்பைப் பார்க்காமல் ரத்தத்தைப் பார்க்கிறார்கள்.

ரத்தச் சொட்டை ஒரு தடித்த காகிதத்தில் ஊறவைத்துக் காயவைத்து அனுப்பும் வழக்கத்தை 1960-களின் ஆரம்பத்தில் கொண்டுவந்தவர் ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்கர். அவர் தேடியது வேறொரு நோயை, ஆனால் அவருடைய மகனுக்கே மனவளர்ச்சிக் குறைபாடு இருந்தது என்று படித்தபோது, இந்த டெஸ்ட் ஏன் இப்படிப் பிடிவாதமாக இருக்கிறது என்பது வேறு மாதிரிப் புரிந்தது. அதே காகிதச் சொட்டில் தைராய்டைப் பார்க்க 1970-களில் கனடாவின் கியூபெக்கில் வழி கண்டார்கள். இங்கே இன்னும் நாடு முழுவதற்கும் இது கட்டாயம் இல்லை, எங்கே பிறக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒரு குழந்தைக்கு அந்தச் சொட்டு எடுக்கப்படுகிறது. எங்களைத் தூங்கவிடாமல் செய்த அந்த போன், பல வீடுகளுக்கு வராத போன்.

எட்டாவது நாள் நாங்கள் உட்கார்ந்த பெஞ்சில் எல்லாரும் ஏதோ ஒரு தாளுக்குக் காத்திருந்தவர்கள்தான். காசிமேட்டில் இருந்து வந்திருந்த ஒரு தம்பதிக்குக் குழந்தை காது டெஸ்ட்டில் ஃபெயில். ஃபெயில் என்ற வார்த்தையை யார் வைத்தார்களோ, ஐந்து நாள் குழந்தையைப் பரீட்சையில் தோற்றது என்று சொல்வது எவ்வளவு கொடுமை. அது ஓ.ஏ.இ. என்ற டெஸ்ட், காதில் சின்ன அடைப்பான் வைத்துச் சத்தம் அனுப்பி உள்காது திருப்பித் தரும் எதிரொலியைப் பிடிப்பார்கள். பிறந்த ஓரிரு நாளில் காதுக்குள் பனிக்குட நீரும் வெள்ளை மாவுப் பிசுக்கும் தங்கியிருந்தால் எதிரொலி வராது, குழந்தை அசைந்தாலும் அழுதாலும் வராது. அதனால் மறுபடி ஒருமுறை, அதிலும் வராவிட்டால் தூங்கவைத்துத் தலையில் ஒயர் ஒட்டிச் செய்யும் பெரா என்ற இன்னொரு காது டெஸ்ட். உண்மையிலேயே காது கேளாமல் பிறப்பது ஆயிரத்தில் ஒன்றிரண்டு குழந்தை. அந்த ஒன்றிரண்டுக்கும் ஒரு மாதத்துக்குள் முதல் டெஸ்ட், மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியோ சிகிச்சையோ என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் காது கேட்கவைக்கும் காக்ளியர் கருவியை உள்காதில் பொருத்தும் ஆபரேஷன், ஆறு வயதுக்குள் என்றால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே வருகிறது. அந்த அப்பா விசைப்படகில் போகிறவர். "கடலுக்குப் போனா பத்து நாள் ஆகும், தேதி சொன்னாங்கன்னா அதுக்கு ஏத்த மாதிரி போவேன்" என்று நர்ஸிடம் நாலு முறை கேட்டுக்கொண்டிருந்தார். தேதி என்பது அவருக்கு வெறும் தேதி இல்லை, பத்து நாள் வருமானம்.

இன்னொருவருடைய குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. இந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்குத்தான் கால் நடுங்காது. ஆனால் வயிற்றில் இருக்கும்போது எல்லாருடைய இதயத்திலும் மேலறைகளுக்கு நடுவே ஒரு திறப்பு உண்டு. நுரையீரல் அப்போது வேலை செய்யாததால் ரத்தம் குறுக்கே போக அந்த வழி வேண்டும். பிறந்த பிறகு அது மூடிக்கொள்ளும், சிலருக்கு மாதக்கணக்காகும், பெரியவர்களில் கூட நாலில் ஒருவருக்கு அது முழுசாக ஒட்டாமலேயே இருக்கும், அவர்களுக்கே தெரியாது. எக்கோ என்ற இதய ஸ்கேன் ரிப்போர்ட்டில் எந்தத் திறப்பு, எத்தனை மில்லிமீட்டர், எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டால் போதும். ஓட்டை என்ற ஒரே சொல்லுக்குள் தானாக மூடுவதும் இருக்கிறது, ஆபரேஷன் கேட்பதும் இருக்கிறது.

மஞ்சள் காமாலையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், வீட்டுக்கு வீடு வருவது அதுதான். நிறைமாதக் குழந்தைகளில் பாதிக்கு மேல் இரண்டாவது மூன்றாவது நாளில் மஞ்சளாவார்கள், இரண்டு வாரத்தில் தெளிந்துவிடும். நீல விளக்கின் கீழ் கண்ணைக் கட்டிக் குழந்தையைப் படுக்கவைப்பதைப் பார்த்தால் அம்மாக்கள் உடைந்துபோகிறார்கள், ஆனால் அந்த விளக்கின் கதை அழகானது. 1950-களில் இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு என்ற ஊர் ஆஸ்பத்திரியில் வார்டு என்ற நர்ஸ் ஒருவர், குறைமாதக் குழந்தைகளை வெயில் காய வெளியே கொண்டுபோவாராம். ஒருநாள் டாக்டர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார், உடம்பெல்லாம் வெளுத்திருக்க, துணி மூடியிருந்த இடத்தில் மட்டும் முக்கோணமாக மஞ்சள் நின்றிருந்தது. வெளிச்சம் பட்டால், மஞ்சளுக்குக் காரணமான பிலிரூபின் கரையும் வடிவத்துக்கு மாறுகிறது என்று அங்கிருந்துதான் தெரிந்தது. அதனால் நம் வீட்டுப் பாட்டிகள் காலை வெயிலில் காட்டச் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் எண் ஏறிவிட்ட பிறகு மொட்டைமாடி வெயில் போதாது, அளவும் கிடையாது, குழந்தை சூடாகியோ குளிர்ந்தோ போகும். விளக்குதான்.

இதில் காத்திருக்கவே கூடாத இடங்களும் உண்டு. பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள், உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கிய மஞ்சள், இரண்டு வாரம் தாண்டிய மஞ்சள், முக்கியமாக மலம் வெள்ளையாகவோ களிமண் நிறத்திலோ போவது. கடைசியாகச் சொன்னது பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், அதற்கான கசாய் என்ற பெயருள்ள ஆபரேஷனை 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன். நாட்டு மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்று போன ஒரு மாதம் இங்கே திரும்பக் கிடைக்காது. எந்த ரிப்போர்ட்டும் கையில் இல்லாவிட்டாலும், குழந்தை பால் குடிப்பதை நிறுத்தினாலோ, நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலமானாலோ, வலிப்பு வந்தாலோ, காய்ச்சலோ உடம்பு சில்லிட்டுப்போவதோ இருந்தாலோ 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

அப்புறம் அந்தத் தடித்த எழுத்து. தெருமுனை லேபில் கொடுக்கும் தாளில் பல நேரம் பக்கத்தில் அச்சாகியிருக்கும் இயல்பான அளவு பெரியவர்களுடையது. பிறந்த குழந்தைக்கு வெள்ளையணு 20,000 இருப்பது சாதாரணம், பெரியவர் கணக்கில் அது 11,000-ஐத் தாண்டியதும் கம்ப்யூட்டர் ஸ்டார் போட்டுவிடும். எலும்பு வளரும் வயதில் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதி பெரியவர்களைவிடப் பல மடங்கு இருக்கும், அதற்கும் ஸ்டார். பிறக்கும்போது 17 இருந்த ஹீமோகுளோபின் இரண்டு மூன்று மாதத்தில் 10 பக்கம் இறங்குவது இயற்கை, அதற்கு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்று திட்டு விழும். குதிகாலை அழுத்திப் பிழிந்து எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உடைந்தால் பொட்டாசியம் உண்மையில் இருப்பதைவிட ஏறிக் காட்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்த ஸ்டாரைப் பார்த்துவிட்டு கூகுளில் தேடினால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். நான் தேடினேன். மருந்தே இல்லாத காலத்துக் குழந்தைகளின் பழைய படங்களை விடிய விடியப் பார்த்தேன், பக்கத்தில் மனைவி தூங்குவது போலப் படுத்திருந்தாள், அவளும் அவள் போனில் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று மறுநாள் தெரிந்தது.

வீட்டுக்குள் நடந்ததுதான் உண்மையில் கடினம். முதல் டாக்டர் போகிற போக்கில் "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டுவிட்டார். ஆமாம், அத்தை பெண்ணைத்தான் கட்டியிருக்கிறேன். அதில் அதிசயம் இல்லை, 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 28 சதவீதம் பேர் சொந்தத்தில் கட்டியவர்கள், நாட்டிலேயே அதிகம். ஆனால் அந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்து விழுந்ததும், அன்றைக்கு வேண்டாம் என்று சொன்ன பெரியப்பா நினைவுக்கு வந்தார், யார் முதலில் பேச்சை எடுத்தது என்ற பழைய பஞ்சாயத்து வந்தது, என் அம்மாவும் அத்தையும் இரண்டு நாள் முகம் பார்க்கவில்லை. மனைவி என்னிடம் கேட்டது வேறு. "நான் ஏதாவது சாப்பிட்டதாலயா மாமா? கிரகணத்தன்னிக்கு வெளிய வந்ததாலயா?"

பதில் எனக்குப் பிறகுதான் கிடைத்தது. பிறவித் தைராய்டுக் குறைவில் பெரும்பங்கு சுரப்பி உருவாகும்போதே இடம் மாறியோ சிறுத்தோ உருவாகாமலோ போவது, அது பரம்பரையாக வருவது அரிது. ஒரு சிறு பங்குதான் ஹார்மோன் தயாரிக்கும் வேலையில் பழுது, அது அப்பா அம்மா இருவரிடமும் மறைந்திருக்கும் ஜீன் சேர்ந்தால் வருவது, சொந்தத்தில் கட்டினால் அந்த வாய்ப்பு கூடும், அப்படி இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு. சாப்பாடு இல்லை, கிரகணம் இல்லை, கண்ணேறு இல்லை. டாக்டர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பது தப்பே இல்லை, கேட்டுவிட்டு எதற்காகக் கேட்டேன் என்று ஒரு வரி சொல்லாமல் அடுத்த டோக்கனைக் கூப்பிடுவதுதான் தப்பு.

பிரசவத்துக்குப் பிறகு அம்மாக்களுக்கு அழுகை வருவது முதல் இரண்டு வாரம் சகஜம். அதற்கு மேலும் தூக்கமும் சாப்பாடும் போய், குழந்தையைத் தொடவே பயம் என்றால் அது வேறு, 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகவே கிடைக்கிறது. நாங்கள் கூப்பிட்டோம். முதலில் பேசியது நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சின்ன விஷயங்கள் சில உதவின. குழந்தை உடம்பில் மொத்த ரத்தமே கிலோவுக்கு 80 மில்லி, மூன்று கிலோ என்றால் ஒரு டம்ளர் அளவுதான். அதைக் கேட்டதும் அத்தைக்கு நெஞ்சே நின்றுவிட்டது, ஆனால் டெஸ்ட்டுக்கு எடுப்பது அதில் ஒரு சதவீதம் கூட வராத ஒன்றிரண்டு மில்லி என்றதும் சமாதானமானார். குத்தும்போது தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே இருந்தால் வலி குறைவாகத் தெரியும் என்பது நிஜம், இரண்டாவது முறை அப்படித்தான் செய்தோம், அழுகை அரை நிமிடத்தில் நின்றது. பாதத்தை முதலிலேயே வெந்நீர்த் துணியால் கதகதப்பாக்கினால் பிழிய வேண்டியதில்லை. ஒரே நோட்டில் தேதி, மணி, எண், யார் சொன்னது என்று எழுதிக்கொண்டோம். கூட்டமாகப் போகாமல் நானும் மனைவியும் மட்டும் போனோம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இரண்டாவது கருத்துக் கேட்கலாமா, எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கே போய்விடலாமா என்று குழம்பியபோது, தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர் என்ற ஒரு விஷயமே முடிவெடுக்கப் போதுமானதாக இருந்தது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஆட்டோவில் பச்சைக் குழந்தையோடு நின்றவர்களுக்குத்தான் அந்த வசதியின் அருமை தெரியும்.

ஒன்பதாவது நாள் சாயங்காலம் இரண்டாவது தாள் வந்தது. பதினொன்றில் பத்துக் கணக்கை மனப்பாடமாக வைத்திருந்தேன். எண் 34-லிருந்து இறங்கியிருக்க வேண்டும். 61. டி4 குறைவு.

நாங்கள் அந்தப் பதினோராவது வீடு.

வினோதம் என்னவென்றால், அன்றைக்கு ராத்திரி நாங்கள் இருவரும் தூங்கினோம். ஐந்து நாளில் முதல் தடவையாக அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. பத்தாவது நாள் காலை மருந்து தொடங்கியது. லெவோதைராக்சின், கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் கணக்கில், 25 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்றரை. இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கி, சில சொட்டுத் தாய்ப்பாலில் கரைத்து, சங்கில் புகட்டுவோம். பாட்டில் பாலில் கலக்கக் கூடாது, பாதியில் குடிக்காமல் விட்டால் எவ்வளவு போனது என்று தெரியாது. இரும்புச்சத்து, கால்சிய சொட்டு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. விலை அதிகமில்லை, ஒரு நாள் மருந்து டீக்கடையில் ஒரு டீ விலைக்கும் கீழே. முதலில் இரண்டு வாரத்தில், பிறகு முதல் வருடம் முழுக்க ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம். எடை ஏற ஏற அளவு மாறும்.

இப்போது ஓடுகிறாள், பேச்சு அதிகம், ஆயாவையே வாடி போடி என்கிறாள். சங்கு போய் ஸ்பூன் வந்துவிட்டது, காலையில் ஆறு மணிக்கு ஸ்பூன் சத்தம் கேட்டால் அவளே வாயைத் திறந்துகொண்டு வருகிறாள். ஆனி வந்தால் மூன்று வயது. சில குழந்தைகளுக்கு இது தற்காலிகமாகவே இருக்கும் என்பதால், மூளை வளர்ச்சியின் முக்கியமான காலம் தாண்டிய பிறகு மாத்திரையை ஒரு மாதம் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மனைவி நோட்டில் புதுப் பக்கம் பிரித்து மேலே தேதியை எழுதி, மணி என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறாள்.